விடுமுறை நாளில் டியூட்டி பார்ப்பவர்களைக் கேளுங்கள்

பண்டிகையோ தேசிய விடுமுறையோ நெருங்கினால் தன்னார்வச் சங்கங்களின் வாட்ஸ்அப் குழுக்களில் ஒரு கேள்வி தவறாமல் வந்து விழும்: "இந்தத் தடவை என்ன செய்யலாம்?" எனக்கு ரொம்பப் பிடித்த கேள்வி அது. ஊரே ஓய்வெடுக்கும் நாளில், கொஞ்சம் பேர் காலையிலேயே எழுந்து யாருக்காவது உதவப் போகலாம் என்று கிளம்புவது சாதாரண விஷயமில்லை. இத்தனை வருடமாகச் சங்கத்தில் இருந்தும் அந்தச் செய்தியைப் பார்த்ததும் எனக்கு மனசு நிறைந்துவிடுகிறது.

அந்தக் கேள்வியை நமக்குள் மட்டும் கேட்டுக்கொண்டால் வழக்கமான பதில்கள்தான் வரும். முதியோர் இல்லத்தில் மதியச் சாப்பாடு, குழந்தைகள் காப்பகத்தில் பரிசுகள், ரத்ததான முகாம், ஏதாவது ஓர் இடத்தைச் சுத்தம் செய்வது. நான்குமே நல்ல வேலைகள். ஆனால் அன்றைக்கு அந்த இடத்தில் டியூட்டியில் இருக்கப்போகிறவருக்கு ஒரு போன் போட்டுக் கேட்டுப் பாருங்கள், இந்த நான்கிலும் இல்லாத ஒரு பதில் வரும். நான் எழுத வந்தது அந்தப் பதிலைப் பற்றி.

விடுமுறையையும் சேவையையும் ஒன்றாக முடிந்து வைக்கும் வழக்கம் பல நாடுகளில் இருக்கிறது. அமெரிக்காவில் மார்ட்டின் லூதர் கிங் பிறந்தநாளை ஒட்டி ஜனவரி மூன்றாம் திங்கள்கிழமை தேசிய விடுமுறை. 1983இல் சட்டமாகி 1986 முதல் அனுசரிக்கப்படுகிறது. அது வெறும் ஓய்வு நாளாகவே கழிந்துவிடக் கூடாது என்று செனட்டர் ஹாரிஸ் வொஃபோர்டும், கிங்கோடு தோள் சேர்ந்து போராடிய ஜான் லூயிஸும் முன்னின்று, 1994இல் அதைச் சேவை நாளாக்கும் சட்டத்தைக் கொண்டுவந்தார்கள். நெல்சன் மண்டேலாவின் பிறந்தநாளான ஜூலை 18ஐ ஐக்கிய நாடுகள் சபை 2009இல் சர்வதேச நாளாக அறிவித்தது. அவர் பொதுவாழ்வில் உழைத்தது 67 ஆண்டுகள், அதனால் அன்றைக்கு ஒவ்வொருவரும் 67 நிமிடங்களை மற்றவர்களுக்காகக் கொடுங்கள் என்று கேட்கிறார்கள். இந்தியாவில் நாட்டு நலப்பணித் திட்டம் தொடங்கியதே காந்தி நூற்றாண்டையொட்டித்தான். 1969 செப்டம்பர் 24 அன்று 37 பல்கலைக்கழகங்களோடு ஆரம்பித்தது. அதன் ஏழு நாள் சிறப்பு முகாம்களும் பெரும்பாலும் கல்லூரி விடுமுறையில்தான் நடக்கும்.

காரணம் எளிமையானது. விடுமுறையில்தான் ஆட்கள் கிடைப்பார்கள். வேலைக்குப் போகிறவருக்கும் படிக்கிறவருக்கும் ஒரே நாளில் நேரம் ஒழிவது அன்றைக்கு மட்டும்தான். இப்படி மொத்தமாக வந்து சேரும் கைகளை எங்கே இறக்கிவிடுவது என்பதில்தான் சங்கத்தின் புத்திசாலித்தனம் இருக்கிறது.

ஒரு முதியோர் இல்லத்தின் பொறுப்பாளர் அம்மா எங்களிடம் வருகைப் பதிவேட்டை எடுத்துப் புரட்டிக் காட்டினார். பெரிய விடுமுறை நாட்கள் வரும் பக்கங்களில் இடமே இல்லை, ஓரத்திலெல்லாம் கையெழுத்து. ஒரே நாளில் மூன்று குழுக்கள் மதியச் சாப்பாட்டோடு வந்திருக்கின்றன. அதற்கடுத்த பக்கங்களில் மருந்து கொண்டுவந்தவர், குழாய் ரிப்பேருக்கு வந்தவர், எப்போதாவது ஒரு மகனோ மகளோ. அவர் குறையாகச் சொல்லவில்லை. "வர்றவங்களை வேண்டாம்னு சொல்ல மனசு வராது சார். ஆனா மூணு தடவை சாப்பாடு போட்டா இவங்க வயிறு தாங்குமா? அன்னிக்கு எனக்கு ஆளும் கிடையாது. வர்றவங்களுக்கு நாற்காலி போடறதா, இவங்களைப் பாக்கறதா?" என்றார்.

"அன்னிக்கு எனக்கு ஆளும் கிடையாது" என்ற அந்த வாக்கியத்தைத்தான் நான் பிடித்துக்கொண்டேன். விடுமுறை நாளில் இல்லத்தில் பாதிப் பேர்தான் வேலைக்கு வருவார்கள். அந்தப் பாதிப் பேரும் வீட்டில் பிள்ளைகளை விட்டுவிட்டு வந்தவர்கள். வெளியிலிருந்து குழுக்கள் வர வர அவர்களுக்கு வேலை கூடும். பாத்திரம் சேரும், அரங்கத்துக்கு முதியவர்களைத் தள்ளிக்கொண்டு போக வேண்டும், நிகழ்ச்சி முடிந்ததும் திரும்பப் படுக்க வைக்க வேண்டும். நாம் கொண்டாடிவிட்டு வந்த அரைநாளில் அங்கே இருந்த ஆயாவுக்கு உட்காரக்கூட நேரம் கிடைத்திருக்காது.

அந்த வருடம் நாங்கள் நிகழ்ச்சி எதுவும் வைக்கவில்லை. அன்றைக்கு வேலை பார்க்கும் ஒவ்வொருவரும் நான்கு மணி நேரமாவது வீட்டுக்குப் போய்வர என்ன செய்ய வேண்டும் என்று பொறுப்பாளரிடம் கேட்டோம். அவர் கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு ஒரு தாளை எடுத்து எழுத ஆரம்பித்தார். மாத்திரை கொடுப்பது, ஊசி போடுவது, படுக்கையில் இருப்பவரைத் தூக்கி உட்காரவைப்பது, குளிப்பாட்டுவது எல்லாம் பயிற்சி பெற்றவர்கள் மட்டும்தான் செய்ய வேண்டும், அதில் நாம் கைவைக்கக் கூடாது. அதைத் தாண்டி எவ்வளவோ இருக்கிறது. வாசலில் உட்கார்ந்து வருகிறவர்களைப் பார்ப்பது, போன் எடுப்பது, துவைத்த துணிகளைப் பெயர் பார்த்து மடித்து அவரவர் அலமாரியில் வைப்பது, தண்ணீர் கொடுப்பது, தலை வாரிவிடுவது, எழுந்து நடக்கப் பார்க்கும் ஒரு தாத்தாவின் பக்கத்திலேயே இருந்து அவர் தனியாக எழுந்துவிடாமல் பார்த்துக்கொள்வது. இந்தச் சில்லறை வேலைகளை வேறு யாராவது பார்த்துக்கொண்டால், நான்கு பேர் பார்க்கும் ஷிப்டை இரண்டு பேரால் சமாளிக்க முடியும். மற்ற இரண்டு பேர் வீட்டுக்குப் போகலாம்.

இதற்கு முன்கூட்டியே தயாராக வேண்டும். சங்கத்திலிருந்து போகிறவர்கள் அதற்கு முன் ஒரு சாதாரண நாளில் போய், ஆயாக்களோடு கூடவே நடந்து, எந்தக் கதவு எங்கே, யாருக்குக் காது கேட்காது, யாரைத் தொட்டால் பயப்படுவார் என்பதையெல்லாம் தெரிந்துகொள்ள வேண்டும். அவசரம் என்றால் யாரைக் கூப்பிடுவது என்பது ஒவ்வொருவருக்கும் மனப்பாடமாக இருக்க வேண்டும். விடுமுறை நாளன்று முதல்முறையாக வாசலில் போய் இறங்கும் இருபது பேரால் யாருக்கும் ஓய்வு கொடுக்க முடியாது. முன்பே பழகிய ஆறு பேர் போதும்.

இது ஒன்றும் புதிய யோசனையும் இல்லை. அமெரிக்காவில் யூத சமூகத்தைச் சேர்ந்த தன்னார்வலர்கள் கிறிஸ்துமஸ் அன்று மருத்துவமனைகளிலும் இல்லங்களிலும் போய் நிற்கிறார்கள், கிறிஸ்தவ ஊழியர்கள் வீட்டில் இருக்கட்டும் என்று. பல மதத்தவரும் கலந்திருக்கும் எந்தச் சங்கத்தாலும் இதைச் செய்ய முடியும். அன்றைக்குப் பண்டிகை இல்லாதவர்கள், பண்டிகை இருப்பவர்களின் இடத்தில் போய் நிற்பது. மத நல்லிணக்கத்தைப் பற்றி மேடையில் எத்தனையோ பேசிக் கேட்டிருக்கிறோம். ஒருவருடைய ஷிப்டை இன்னொருவர் எடுத்துக்கொள்ளும்போது அது வேறு ஒரு கனத்தோடு இருக்கிறது என்பது என் எண்ணம்.

அப்படிப் போன ஒரு நாளில் ஒரு பாட்டி எங்கள் பெண் ஒருத்தியைக் கூப்பிட்டு, "கண்ணு, உனக்கு நகம் வெட்டத் தெரியுமா?" என்று கேட்டார். போர்வையை விலக்கிக் காலைக் காட்டினார். கட்டைவிரல் நகம் மஞ்சள் பூத்து, தடித்து, பக்கத்து விரலின் மேல் வளைந்து ஏறியிருந்தது. குனிய முடியாத வயதில் கால் நகத்தை எப்படி வெட்டுவது? பார்வையும் போதாது, விரலுக்கும் பலம் இல்லை. ஆயாக்களுக்கு இருக்கும் வேலையில் வாரக்கணக்கில் தள்ளிப்போகும். அந்தப் பெண் நேராக நர்ஸிடம் போய், "சிஸ்டர், இவங்களுக்கு நான் வெட்டலாமா?" என்று கேட்டாள். கேட்டது மிகச் சரி. சர்க்கரை நோய் இருந்து கால் மரத்துப்போனவர்களுக்கும், ரத்தம் உறையாமலிருக்க மருந்து சாப்பிடுகிறவர்களுக்கும் சின்னக் கீறல்கூட ஆபத்து, அவர்களுடைய நகத்தை நர்ஸ்தான் பார்க்க வேண்டும். இந்தப் பாட்டிக்கு அந்தப் பிரச்சினை இல்லை. வெதுவெதுப்பான தண்ணீரில் காலை ஊறவைத்தாள். நகம் இளகியதும் துடைத்து, ஓரங்களை ஆழமாகத் தோண்டாமல் நேராக, கொஞ்சம் கொஞ்சமாக வெட்டினாள். முடிய வெகுநேரம் ஆனது. அதற்குள் அடுத்த கட்டிலில் இருந்தவரும் காலை நீட்டிவிட்டார்.

மேடையில் பாட்டுப் பாடிய எந்த நிகழ்ச்சியையும்விட அந்த ஒரு ஜோடிக் காலை நான் பெரிதாக நினைக்கிறேன். இப்போது எங்கள் சங்கப் பையில் நகவெட்டிகள் தனியாக இருக்கின்றன, ஒவ்வொருவருக்கும் வேறு வேறு. ஒருவருக்குப் பயன்படுத்தியதைச் சுத்தம் செய்யாமல் அடுத்தவர் காலில் வைக்கக் கூடாது.

ரத்ததானத்துக்கு வருகிறேன். இதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் எல்லோரும் நல்ல மனதோடு செய்யும் இதில்தான் தேதி தவறிவிடுகிறது. ரத்தத்தைச் சேமித்து வைக்கலாம், ஆனால் ரொம்ப நாளைக்கு வைக்க முடியாது. சிவப்பணுக்கள், சேர்க்கும் கரைசலைப் பொறுத்து, குளிர்பதனத்தில் 35 முதல் 42 நாள் வரை தாங்கும். ரத்தம் உறைய உதவும் பிளேட்லெட்டுகளைப் பொதுவாகக் குளிரவைப்பதில்லை, அறை வெப்பத்தில் ஆட்டிக்கொண்டே இருக்கும் கருவியில்தான் வைப்பார்கள், அப்படியும் பொதுவாக ஐந்து நாள்தான். மறுபக்கம், ஒருமுறை கொடுத்தவர் உடனே திரும்பக் கொடுக்க முடியாது. இந்தியாவில் ஆண்களுக்கு 90 நாள், பெண்களுக்கு 120 நாள் இடைவெளி வேண்டும். அமெரிக்காவில் முழு ரத்தத்துக்கு 56 நாள்.

இதையெல்லாம் சேர்த்துக் கணக்குப் போடுங்கள். ஒரு தேசிய விடுமுறையன்று பத்துச் சங்கங்கள் ஒரே நாளில் முகாம் போட்டால் ரத்த வங்கியின் பெட்டி நிறைந்துவிடும். பிளேட்லெட்டுகள் அந்த வாரத்திலேயே காலாவதியாகும். ஐந்தாறு வாரத்தில் சிவப்பணுக்களும் தீர்ந்துவிடும், இல்லையென்றால் கெட்டுவிடும். அப்போது திரும்பிப் பார்த்தால், வழக்கமாகக் கொடுக்கிறவர்கள் எல்லோரும் அதே நாளில் கொடுத்து முடித்திருப்பார்கள். அவர்களை இன்னும் பல வாரங்களுக்குக் கூப்பிட முடியாது.

அதற்காக விடுமுறைக் காலத்தில் ரத்தம் தேவையில்லை என்று நினைத்துவிடாதீர்கள், அப்போதுதான் தட்டுப்பாடே வரும். முகாம்கள் சாதாரணமாக நடக்கும் அலுவலகமும் கல்லூரியும் மூடியிருக்கும், கொடுக்கிறவர்கள் வெளியூர் போயிருப்பார்கள். பிரசவம் காத்திருக்காது, சாலை விபத்தும் புற்றுநோய் சிகிச்சையும் காத்திருக்காது. அதனால் ரத்த வங்கியைக் கேட்டுத்தான் தேதி வைக்க வேண்டும். நீண்ட விடுமுறைக்குச் சில நாள் முன்பு ஒரு முகாம், மூன்று வாரம் கழித்து இன்னொன்று என்று அவர்கள் சொல்லலாம். "முகாமே வேண்டாம், உங்கள் ஆட்களின் பெயரையும் ரத்த வகையையும் மட்டும் கொடுங்கள், தேவைப்படும்போது கூப்பிடுகிறோம்" என்றும் சொல்லலாம். இந்தக் கடைசி வகையில் பேனர் கட்ட வழியில்லை, குரூப் போட்டோவும் கிடைக்காது. சங்கத்துக்குள் இதற்கு ஒத்துக்கொள்ள வைப்பது கஷ்டம்தான். ஆனாலும் விடாமல் பேசிப் பேசி ஒத்துக்கொள்ள வைக்கத்தான் வேண்டும்.

கேட்டுச் செய்வது என்பது இந்த இயக்கங்களின் ஆரம்பத்திலேயே இருக்கிறது. லயன்ஸ் சங்கங்கள் 1917இல் சிகாகோவில் தொடங்கின. எட்டு ஆண்டு கழித்து, 1925 ஜூன் 30 அன்று, ஒஹையோ மாநிலத்தில் சீடர் பாயிண்ட்டில் நடந்த அவர்களுடைய மாநாட்டில் ஹெலன் கெல்லர் பேசினார். பார்வையும் செவியும் இல்லாத அந்தப் பெண், எங்களுக்காகப் போராட வாருங்கள் என்று நேரடியாகவே அவர்களைக் கேட்டார். பார்வைக்கான சேவை அன்றிலிருந்து இன்றுவரை லயன்ஸ் இயக்கத்தின் முதல் அடையாளமாக இருக்கிறது. எந்தச் சேவை வேண்டும் என்று சொன்னவர், அந்தச் சேவை யாருக்குத் தேவையோ அவர்களில் ஒருவர். இந்தச் சம்பவத்தில் எனக்கு முக்கியமாகப் படுவது அதுதான். ரோட்டரி இன்னும் முந்தையது, 1905. அதன் முதல் பொதுச்சேவை என்ன தெரியுமா? சிகாகோ நகர மன்றத்துக்கு அருகில் பொதுக் கழிப்பறை அமைக்க வைத்தது, 1907இல். தெருவில் நடக்கிற சாதாரண மனிதருக்கு அன்றைக்கு எது இல்லை என்று யோசித்தவர்களுக்குத்தான் அது தோன்றியிருக்கும்.

சுத்தம் செய்யும் வேலையைப் பற்றியும் ஒன்று சொல்லிவிடுகிறேன். எஸ்டோனியாவில் 2008 மே 3 அன்று சுமார் 50,000 பேர் ஒரே நாளில் இறங்கி, சட்டவிரோதமாகக் கொட்டப்பட்டிருந்த ஏறக்குறைய 10,000 டன் குப்பையை அள்ளினார்கள். மொத்த ஜனத்தொகையே 13 லட்சம் சொச்சம் உள்ள நாடு அது. உலகச் சுத்தம் செய்யும் நாள் பிறந்தது அதிலிருந்துதான். எல்லோரும் அந்த ஒரு நாளைப் பேசுகிறார்கள். நான் அதற்கு முந்தைய மாதங்களைப் பார்க்கிறேன். காட்டிலும் சாலையோரத்திலும் எங்கெங்கே குப்பை கிடக்கிறது என்று தன்னார்வலர்கள் தேடித் தேடி, படம் எடுத்து, ஆயிரக்கணக்கான இடங்களை முன்பே வரைபடத்தில் குறித்து வைத்திருந்தார்கள். எவ்வளவு குப்பை, அள்ள எத்தனை பேர், கொண்டுபோக எந்த வண்டி என்பது தெரிந்திருந்ததால்தான் சில மணி நேரத்தில் அது முடிந்தது. நம் சங்கங்களிலும் விடுமுறையன்று துடைப்பத்தோடு ஐம்பது பேர் வந்து நிற்பார்கள், அள்ளிக் குவித்த மூட்டைகளை எடுக்க அன்றைக்கு வண்டி வராது. துப்புரவுப் பணியாளர்களுக்கும் அன்று விடுமுறைதானே! அவர்களிடமும் முன்பே பேசி, வண்டி எந்த நாளில் வரும் என்று கேட்டு அதற்கு முந்தின நாள் இறங்கினால் குவித்தது குவித்தபடி கிடக்காது.

குழந்தைகள் காப்பகம் விஷயத்தில் எனக்குக் கறாரான கருத்து உண்டு. வருகிறவர்களுக்காகப் பிள்ளைகளை ஆட வைக்கவும் பாட வைக்கவும் கூடாது. முகம் தெரியப் படம் எடுத்துப் போடவே கூடாது. வருடத்துக்கு ஒருமுறை வந்து தூக்கிக் கொஞ்சிவிட்டுப் போகும் புதுப்புது முகங்களால் அந்தப் பிள்ளைகளுக்கு ஏக்கம்தான் மிஞ்சும். ஒரே ஆள் ஒவ்வொரு வாரமும் வந்து கணக்குச் சொல்லிக்கொடுத்தால் அது வேறு. விடுமுறையன்று அங்கே என்னதான் செய்வது என்று கேட்டால், குழாயடியிலும் கொதிக்கும் சமையலறையிலும் நிற்கும் ஊழியர்களுக்கு உதவுங்கள் என்பேன்.

இவ்வளவும் சொன்னதால் விடுமுறைச் சேவையே வேண்டாம் என்கிறேன் என்று எடுத்துக்கொள்ள வேண்டாம். எங்கள் சங்கத்தில் இன்று முதுகெலும்பாக இருப்பவர்களில் பாதிப் பேர் முதலில் ஏதோ ஒரு விடுமுறையன்று நண்பனோடு சும்மா வந்தவர்கள்தான். பள்ளிப் பிள்ளைகள் அப்பா அம்மாவோடு சேர்ந்து வர முடிவது அன்றைக்குத்தான். அப்புறம், இதை அதிகம் பேர் வெளியே சொல்வதில்லை, பண்டிகை நாளில் போக வீடில்லாதவர்களும் சங்கத்துக்கு வருகிறார்கள். துணையை இழந்தவர், வெளியூரில் தனியாக வேலை பார்ப்பவர், குடும்பத்தோடு பேச்சு வார்த்தை இல்லாதவர். அவர்கள்தான் இரவு ஷிப்டுக்கு முதலில் கை தூக்குவார்கள். 1953இல் லண்டனில் சாட் வாரா தொடங்கிய, மனம் உடைந்தவர்கள் கூப்பிட்டுப் பேசும் சமாரிட்டன்ஸ் தொலைபேசிச் சேவையில் கிறிஸ்துமஸ் இரவிலும் யாராவது ஒரு தன்னார்வலர் போனை எடுக்கிறார். கொண்டாட்டச் சத்தத்துக்கு நடுவில் தனிமை இன்னும் கூடுதலாக அழுத்தும் என்று தெரிந்தவர்கள் அவர்கள். எந்தச் சங்கத்திலும் சிலருக்கு அந்த நாளைக் கடக்க ஒரு வேலை தேவைப்படுகிறது. அதை மதிப்போடு கொடுக்க வேண்டும், ஏன் வீட்டுக்குப் போகவில்லை என்று துருவிக் கேட்காமல்.

புதிதாக வருகிறவர்களை அன்றைக்கே சாதாரண நாள் ஒன்றில் கோர்த்துவிடுவதும் முக்கியம். "மறுபடி வாங்க" என்று பொதுவாகச் சொன்னால் வரமாட்டார்கள். "பதினைந்தாம் தேதி சாயங்காலம் ஐந்து மணிக்கு துணி மடிக்க ஒரு ஆள் வேணும், நீங்க வர்றீங்களா?" என்று கேட்டால் ஒரு கை உயரும். எங்கள் செயலாளர் இதற்காகவே விடுமுறை நாளில் ஒரு நோட்டோடு சுற்றுவார், அந்த மாதத்தின் காலியான நாட்கள் மட்டும் எழுதிய நோட்டு.

அடுத்த விடுமுறைக்குத் திட்டம் போடுகிறவர்களுக்கு ஒரு நடைமுறைக் குறிப்பு. ஆஸ்பத்திரியோ இல்லமோ காப்பகமோ, எங்கே போன் போட்டாலும் முதலில் நிர்வாகிதான் எடுப்பார். "வாங்க வாங்க, எப்போ வேணும்னாலும் வரலாம்" என்பார். அதோடு வைத்துவிடாதீர்கள். அன்றைக்கு ஷிப்டில் இருக்கும் நர்ஸ், ஆயா, காவலாளி, சமையல்காரர் யாரிடமாவது பேச அனுமதி கேளுங்கள். அவர்களிடம் மூன்று கேள்வி போதும்: அன்னிக்கு எத்தனை பேர் வேலைக்கு வர்றீங்க, எந்த நேரத்துல ரொம்பக் கஷ்டமா இருக்கும், நாங்க என்ன செஞ்சா நீங்க வீட்டுக்குப் போய்ட்டு வர முடியும். பெரும்பாலான இடங்களில் டியூட்டி ரோஸ்டரைச் சில வாரங்களுக்கு முன்பே போட்டுவிடுவார்கள். அது சுவரில் ஒட்டப்பட்ட பிறகு யாராலும் லீவு மாற்ற முடியாது, அதனால் அதற்கு முன்னால் போன் போட்டுவிடுங்கள்.